சுவிட்ச் யார் கையில்?

1985 ஏப்ரலில் மத்திய ஆஸ்திரேலியாவின் இரண்டு பழங்குடி ஊர்கள் சட்டத்தை மீறித் தொலைக்காட்சி நடத்தத் தொடங்கின. ஒன்று யுவெண்டுமு. வடக்குப் பிரதேசத்தில், அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 290 கிலோமீட்டர் போனால், தனாமி பாலைவனத்தின் ஓரத்தில் வரும் ஊர். இன்னொன்று எர்னபெல்லா, அல்லது அங்குள்ளவர்கள் சொல்வதுபோல் புக்கட்ஜா. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மஸ்கிரேவ் மலைத்தொடரில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் உரிமம் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை. வீட்டுக் கல்யாணத்தைப் படமெடுக்கும் தரத்து வீடியோ கேமரா, ஒன்றிரண்டு வீடியோ கேசட் கருவி (விசிஆர்), ஊர் எல்லையைத் தாண்டாத சிறு டிரான்ஸ்மிட்டர், அவ்வளவுதான் முதலீடு. எர்னபெல்லாவில் அதற்கான பணமும் ஊர்க்கடையில் குளிர்பானம் விற்றதில் சேர்ந்ததுதான்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், பதில் வானத்தில் இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவின் முதல் உள்நாட்டுத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளான ஆஸ்சாட், அமெரிக்க விண்வெளி ஓடமான டிஸ்கவரியில் ஏறிப் போகவிருந்தது. அதன்பின் கண்டத்தின் எந்த மூலைக்கும் நகரத்துத் தொலைக்காட்சி வந்துவிடும். அதுவரை சாலையும் தொலைபேசியும்கூடச் சரியாக எட்டாத ஊர்களில் ஆங்கிலப் படங்களும் விளம்பரங்களும் இரவு பகலாகக் கொட்டும். வார்ல்பிரி மொழி பேசும் யுவெண்டுமுவின் பெரியவர்களுக்கும், பிட்ஜன்ட்ஜாரா மொழி பேசும் எர்னபெல்லாவின் பெரியவர்களுக்கும் இருந்த அச்சம் ஒன்றுதான்: பிள்ளைகள் இனி யார் சொல்வதைக் கேட்டு வளரும்?

இதே கேள்வியைப் பத்தாண்டு முன்னரே கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்கள் எதிர்கொண்டிருந்தார்கள். இக்லூலிக் என்ற ஊர் 1975லும் 1979லும் வாக்கெடுப்பு நடத்தித் தொலைக்காட்சியே வேண்டாம் என்றது. தங்கள் மொழியில் இனுயிட் ஒளிபரப்புக் கழகம் நிகழ்ச்சி தரத் தொடங்கிய பிறகு, 1983இல்தான் கதவைத் திறந்தது. மத்திய ஆஸ்திரேலியாவில் அப்படிக் கதவைச் சாத்தி வைக்க வழியில்லை. வீடியோ கேசட் ஏற்கெனவே வந்துவிட்டது. அலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்த் திரும்பும் வண்டிகளில் குங்ஃபூ படங்களும் மேற்கத்தியச் சண்டைப் படங்களும் ஏறி வந்தன. அதனால் இந்த ஊர்கள் எடுத்த முடிவு வேறு. வருவது வரட்டும், வரும் வழியில் நாம் உட்கார்ந்துகொள்வோம்.

இதைப் பற்றி இன்று இவ்வளவு விவரமாகப் பேச முடிவதற்கு ஒரு காரணம் எரிக் மைக்கேல்ஸ். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த மானிடவியலாளர். 1982இல், ஆஸ்திரேலியப் பழங்குடி ஆய்வு நிறுவனத்தின் நல்கையில், தொலைதூரப் பழங்குடி ஊர்களில் தொலைக்காட்சி என்ன விளைவை உண்டாக்கும் என்று அளந்து சொல்ல வந்தவர். வந்த இடத்தில் அளப்பதை விட்டுவிட்டு நிலையம் நடத்துவதற்குத் துணைக்கு நின்றார். அறிவியல் நோக்கில் இது ஒழுங்கான நடத்தையா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஒரு ஊர் தன் கண்முன்னே ஒரு ஊடகத்தைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்பதுதான் பெரிய நேர்மை என்று நான் நினைக்கவில்லை. 1986இல் வந்த அவரது ஆய்வறிக்கையின் தலைப்பே பழங்குடியினர் தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் சொல்கிறது. 1988இல் பிரிஸ்பேனில் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது அவருக்கு நாற்பது வயது.

யுவெண்டுமுவில் அவரோடு வேலை செய்தவர்களில் முக்கியமானவர் ஃபிரான்சிஸ் ஜுபுருர்லா கெல்லி. கேமரா எடுப்பவர், கேசட் போடுபவர், அறிவிப்பாளர், கருவி பழுதுபார்ப்பவர் எல்லாம் அவரேதான். ஒரு மேசை, அதன் எதிரே நிறுத்திய கேமரா. குவியத்தைச் சரிசெய்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வார்ல்பிரியில் வணக்கம் சொல்வார். ஊர்ச் செய்தி, கூட்ட அறிவிப்பு, பள்ளிக்கூட விஷயம், பிறகு ஒரு கேசட். இடையில் எழுந்து போய்க் கேமராவைத் திருப்பிவிட்டு மறுபடி வந்து உட்காருவார். கதை சொல்ல வரும் பெரியவர் இருந்தால் நேரம் அவருக்கு. கால்பந்து ஆட்டம் எடுத்திருந்தால் அது ஓடும். நகரத்து நிலையத்தின் பார்வையில் இது நிகழ்ச்சித் தயாரிப்பே இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கோ திரையில் இருப்பவர் யார், எவருடைய மகன், எந்த முறையில் தனக்கு என்ன உறவு என்பது எல்லாம் தெரியும். அந்த அறிமுகத்தை எந்தக் கோடிக்கணக்கான முதலீடும் வாங்கித் தராது.

இங்கே கொஞ்சம் உறவுமுறை சொல்லியாக வேண்டும். வார்ல்பிரி சமூகம் எட்டு உறவுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஜுபுருர்லா, ஜபங்கார்டி, ஜங்கலா என்பவை ஆண்களுக்கான பிரிவுப் பெயர்கள். அதே பிரிவின் பெண்களுக்கு அந்தப் பெயர் ‘ந’வில் தொடங்கும். ஒரு நிலப்பகுதிக்கும் அதன் கதைக்கும் சடங்குக்கும் தந்தை வழியில் உரிமை உடையவர்கள் கிர்டா. தாய் வழியில் வந்து, அந்தக் கதை சரியாகச் சொல்லப்படுகிறதா, சடங்கு முறையாக நடக்கிறதா என்று மேற்பார்ப்பவர்கள் குர்டுங்குர்லு. உரிமையாளர் மட்டும் இருந்து ஒரு கதையைச் சொன்னால் அது செல்லாது, மேற்பார்ப்பவரும் கூட இருக்க வேண்டும். ஒருவர் ஆட, ஒருவர் சாட்சி. இந்த ஏற்பாடு வீடியோவுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் யுவெண்டுமு வரலாற்றின் மிகச் சுவையான பகுதி.

1984இல் ஃபிரான்சிஸ் ஜுபுருர்லாவும் ஊராரும் கோனிஸ்டன் படுகொலையைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தார்கள். 1928 ஆகஸ்டில், டிங்கோ நாய்களைப் பொறி வைத்துப் பிடிக்கும் ஃபிரெட் புரூக்ஸ் என்ற வெள்ளைக்காரர் கோனிஸ்டன் பண்ணைக்கருகே கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கக் கான்ஸ்டபிள் ஜார்ஜ் மர்ரியின் தலைமையில் போன குழு வாரக்கணக்கில் மக்களைத் தேடித்தேடிச் சுட்டது. அரசு விசாரணைக் குழு ஒப்புக்கொண்ட சாவு 31. சுட்டது நியாயம்தான் என்றும் அது முடித்துவைத்தது. வார்ல்பிரி மக்களின் நினைவில் எண்ணிக்கை இதைப் போலப் பல மடங்கு. ஆஸ்திரேலியாவில் அரசு ஒப்புதலோடு நடந்த கடைசிப் பெருங்கொலை என்று இதைச் சொல்வார்கள். கொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஊர்களில் யுவெண்டுமுவும் ஒன்று.

அந்த வீடியோவில் கேமராவுக்கு முன்னால் கதை சொல்பவர் ஒரு ஜபங்கார்டி. கூட நிற்பவர்கள் ஒன்றிரண்டு பேர். ஆனால் படம்பிடிக்கப் போனவர்களோ இருபதுக்கும் மேல். திரையில் வராத அத்தனை பேரும் எதற்கு என்று வெளியாள் கேட்பான். அவர்கள் இல்லாமல் அந்தக் கதைக்கு அதிகாரம் இல்லை என்பதே பதில். அடுத்தது கேமராவின் நடை. வெற்று நிலத்தின் மீது அது நெடுநேரம் மெல்லத் திரும்புகிறது. ஓர் இடத்தில் தயங்குகிறது, திடீரென்று நெருங்குகிறது, மறுபடி விலகுகிறது. பழக்கமில்லாத கை என்றுதான் முதலில் தோன்றும். ஜுபுருர்லாவிடம் கேட்டபோது மைக்கேல்ஸுக்குக் கிடைத்த விளக்கம் வேறு. இந்தக் குன்றின் வழியாகத்தான் போலீஸின் தடமறிவோர் வந்தார்கள். அந்த மரத்தருகேதான் மூதாதையர் நடந்த கதையின் பாதை கடக்கிறது. கேமரா அந்தப் பாதையைத் தொடர்ந்து போகிறது. அந்த நிலத்தின் கதை தெரிந்தவனுக்கு ஒவ்வொரு தயக்கத்துக்கும் பொருள் உண்டு. அந்தக் கேசட்டை ஊரில் தேயத்தேயப் போட்டுப் பார்த்தார்கள்.

எர்னபெல்லாவின் போக்கு சற்றே வேறு. அங்கே இன்மா எனப்படும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த சடங்குகளே பெரும்பகுதி. பெரியவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மூதாதையர் கதைகளில் ஒன்றான ஏழு சகோதரிகளின் கதை நடந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், அந்தந்த இடத்திலேயே ஆடவும் பாடவும் வைத்துப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்னர் பல பேர் பல ஆண்டுகள் போகாதிருந்த இடங்கள் அவை. வீடியோ எடுக்க வேண்டும் என்ற சாக்கு, மக்களை மறுபடி தங்கள் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. தொலைக்காட்சி மக்களை வீட்டுக்குள் முடக்கிவிடும் என்ற கவலையை இப்படித் தலைகீழாக்கிய வேறு இடம் எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் சாத்தியமாக்கியது ஒளிபரப்பின் சின்ன எல்லை என்பது என் எண்ணம். வார்ல்பிரி வழக்கத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது. ஆண்களுக்கு மட்டுமான சடங்குகள் உண்டு, பெண்களுக்கு மட்டுமானவையும் உண்டு. இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, உருவத்தைக் காட்டக் கூடாது. துக்கம் நீங்கும்வரை அந்த ஆள் இருக்கும் கேசட் தனியே எடுத்து வைக்கப்படும். நாடு முழுவதற்கும் அனுப்பும் ஒரு நிலையத்தால் இதைக் காப்பாற்றவே முடியாது. ஊருக்குள் மட்டும் எட்டும் நிலையத்தை நடத்துபவருக்கோ, நேற்று யார் வீட்டில் சாவு, இன்று ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் தெரியும். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று முடிவு செய்ய அவர் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் பெருமை அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதில் இருக்கிறது என்று பொறியாளர்களும் அமைச்சர்களும் நம்புகிறார்கள். யுவெண்டுமுவில் எட்டாமல் இருந்ததும் ஒரு பலம்.

மைக்கேல்ஸின் சித்திரம் கொஞ்சம் மெருகேற்றியது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாப் ஹாட்ஜ் அவர் தேடிய தூய பழங்குடித்தன்மையைக் கேள்விக்குட்படுத்தினார். பின்னர் யுவெண்டுமுவில் களப்பணி செய்த மெலிண்டா ஹிங்க்சன், அங்கே ஊடகம் எந்நேரமும் பண்பாட்டைக் காப்பதற்காகவே இயங்கவில்லை என்று காட்டினார். இளைஞர்கள் வானொலியில் பாட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்னார் தருவது என்று அர்ப்பணித்துக்கொண்டிருந்தார்கள். விரும்பிக் கேட்ட பாடல் நிகழ்ச்சியை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆனாலும் இந்த விமர்சனம் எனக்கு அடிப்படையைக் குலைப்பதாகத் தெரியவில்லை. அர்ப்பணிப்பில் யார் பெயரை யார் சொல்லலாம் என்பதையும் அதே உறவுமுறைதான் தீர்மானிக்கிறது. கதை சொல்லும் பெரியவரும் பாட்டுப் போடும் பையனும், எதை ஒளிபரப்புவது என்ற ஒரே சுவிட்சைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளின் இன்னொரு ஊரையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் கிராமத்தில், 1975 முதல் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை நடத்தியது. அந்தப் பகுதியின் பேச்சுவழக்கில், தீண்டாமை, கூலி, கூட்டுறவு பற்றி ஊராரே நடித்த நாடகங்கள் உட்பட நிகழ்ச்சிகள். கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள். 1984இல் கிராமப்புறத் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசும் வந்தது. மறு ஆண்டு, அதாவது யுவெண்டுமு தொடங்கிய அதே 1985இல், பீஜ் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் சென்னைத் தொலைக்காட்சியின் இரண்டாவது அலைவரிசைக்காகக் கொண்டுபோகப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள், பலனில்லை. கேடாவின் நிகழ்ச்சிகள் யுவெண்டுமுவினதைவிடப் பல மடங்கு நேர்த்தியானவை, எட்டிய மக்களும் பல மடங்கு. ஆனால் கருவி ஊருடையதாக இல்லை. கொடுத்தவர் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இவ்வளவு வெளிப்படையாக இல்லை. 1984இல் எரிக் வில்மட் தலைமையிலான அரசுக் குழு, தொலைதூர ஊர்கள் வரவிருக்கும் ஒளிபரப்பில் குறுக்கிட்டுத் தங்கள் நிகழ்ச்சியைப் போட வசதி வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. யுவெண்டுமுவும் எர்னபெல்லாவும் அனுமதிக்குக் காத்திராமல் செய்து காட்டிவிட்டன. உரிமமில்லாத ஒளிபரப்பு குற்றம் என்று அதிகாரிகளுக்குத் தெரியும். ஆனால் வழக்குப் போட்டு அந்தச் சிறு பெட்டியைப் பறிமுதல் செய்தால் செய்தித்தாளில் எப்படி வரும் என்பதும் தெரியும். 1987இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது; அதன் ஆங்கிலச் சுருக்கம் பிராக்ஸ். சுமார் 80 ஊர்களுக்கு ஒரு டிஷ், செயற்கைக்கோளிலிருந்து வருவதை ஊருக்குள் மறு ஒளிபரப்புச் செய்யும் கருவிகள், ஒரு வீடியோ கேமரா, ஒரு விசிஆர், ஒலிவாங்கி. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சுவிட்ச். அதைத் திருப்பினால் நகரத்து நிகழ்ச்சி நின்று ஊர் நிகழ்ச்சி வரும்.

சட்டத்தை மீறிய இரண்டு ஊரின் யோசனை அப்படியே அரசுத் திட்டமானது. இதுவே பெரிய வெற்றி. ஆனால் கருவியை மட்டும் பொட்டலம் கட்டி அனுப்பியவர்கள், அதை இயக்கப் பயிற்சியோ சம்பளமோ அனுப்பவில்லை. பல ஊர்களில் அந்தக் கருவி வைத்த அறை வெயிலிலும் புழுதியிலும் பூட்டியே கிடந்தது. சில இடங்களில் வேலைவாய்ப்பு உதவித் திட்டத்தின் சொற்பக் கூலிக்கு ஒருவர் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் ஊரை விட்டுப் போனால் நிலையமும் போயிற்று. தன்னார்வத் தொண்டு என்பதைப் புகழ்கிற அதிகாரிகள், பெரும்பாலும் சம்பளம் கொடுக்காமல் தப்பிப்பதற்காகவே புகழ்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. யுவெண்டுமுவில் ஆர்வம் முதலில் வந்தது, கருவி பின்னால் வந்தது. பிராக்ஸ் ஊர்களில் வரிசை மாறியது.

இதற்கிடையே பெரிய அளவிலும் ஒரு முயற்சி நடந்தது. 1980இல் ஃப்ரெடா கிளின், ஜான் மக்கும்பா, ஃபிலிப் பாட்டி ஆகியோர் அலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடி ஊடகச் சங்கம், ஆஸ்சாட் வழி வணிகத் தொலைக்காட்சிக்கான உரிமத்துக்குப் போட்டியிட்டு வென்றது. 1988 ஜனவரியில் இம்பார்ஜா தொலைக்காட்சி தொடங்கியது. பழங்குடியினரே உரிமையாளர்கள். ஆனால் விளம்பரத்தில் வாழும் நிலையம் விளம்பரதாரர் விரும்புவதைத்தான் காட்டும். பெரும்பாலான நேரம் நகரத்து வணிக நிகழ்ச்சிகளே ஓடின. உரிமையாளர் பழங்குடியினர் என்பதாலேயே திரையில் பழங்குடி மொழி வந்துவிடாது என்ற பாடத்தை அது செலவோடு கற்றுக்கொண்டது. அதே சமயம் அதன் கையில் ஒரு காலியான துணை அலைவரிசையும் இருந்தது. 2001இல் எர்னபெல்லாவின் ஊடகக் குழுவும் யுவெண்டுமுவின் ஊடகச் சங்கமும் மற்ற ஊர்களும் தங்கள் கேசட்டுகளை அதில் போட்டு ஒரு கூட்டுத் தொலைக்காட்சி தொடங்கின. சுருக்கமாக ஐசிடிவி. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மொழியிலேயே.

ஆறாண்டு ஓடியது. 2007 ஜூலையில், அரசு நான்கு ஆண்டுக்கு 4.85 கோடி டாலர் ஒதுக்கிய தேசியப் பழங்குடித் தொலைக்காட்சி, என்ஐடிவி, அதே அலைவரிசையில் வந்து அமர்ந்தது. அதன் நிகழ்ச்சிகள் நேர்த்தியானவை, நகரத்துப் பழங்குடியினரையும் எட்டின, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பாலைவன ஊர்களின் நீண்ட, வெட்டாத, சாய்ந்த காட்சிகளுக்கு அங்கே இடமில்லை. ஐசிடிவி வெளியேறியது. இணையத்திலும், பிறகு வார இறுதியில் மட்டும் கிடைத்த இன்னொரு அலைவரிசையிலும் தாக்குப்பிடித்து, பின்னர் செயற்கைக்கோள் சேவையில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. பழங்குடி அலைவரிசை ஒன்றே பழங்குடி ஊர்களின் அலைவரிசையை வெளியேற்றியது என்பதை நல்லவர் கெட்டவர் கதையாக நான் பார்க்கவில்லை. தேசிய அளவில் ஒரு சமூகத்தின் குரல் வேண்டும் என்பவர்களுக்கும், தன் ஊர் பேச்சைத் தன் ஊர் கேட்க வேண்டும் என்பவர்களுக்கும் தேவை வேறு. அரசின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன.

யுவெண்டுமுவின் ஊடகச் சங்கம் இந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. வார்ல்பிரிக் குழந்தைகளுக்கான மான்யு வானா தொடர், பிறகு 2001இல் தேசிய ஒளிபரப்பான ஏபிசியில் வந்த புஷ் மெக்கானிக்ஸ். ஓடாத காரை மரக்கிளையையும் புல்லையும் கொண்டே ஓடவைக்கும் இளைஞர்களைப் பற்றிய வேடிக்கைத் தொடர். ஆஸ்திரேலியா முழுதும் சிரித்தது. 2012இல் ஜுபுருர்லாவும் இயக்குநர் டேவிட் பாட்டியும் கோனிஸ்டன் படுகொலையை மறுபடி, இந்த முறை முழு ஆவணப்படமாக எடுத்தார்கள். சங்கம் இன்று பிண்டுபி, அன்மட்ஜெரே, வார்ல்பிரி என்ற மூன்று மக்களின் பெயரில் இயங்குகிறது. பல ஊர்களுக்கு வானொலியும் நடத்துகிறது.

ஆனால் அந்த சுவிட்ச் 2013இல் போய்விட்டது. நாடு அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோது, தொலைதூர ஊர்களில் ஊர்ப் பொதுக் கருவிக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு டிஷ் பொருத்துவதே மலிவு என்று அரசு முடிவு செய்தது. ஒவ்வொரு வீடும் நேரே வானத்தோடு இணைந்தது. அலைவரிசைகள் பெருகின, படம் தெளிவானது. ஊருக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை ஒருமுறை நின்று போகும் இடம் மட்டும் இல்லாமல் போனது. பெரும்பாலான ஊர்களில் நகரத்து ஒளிபரப்பை நிறுத்தி உள்ளூர் அறிவிப்பையோ பெரியவர் பேச்சையோ காட்ட இனி வழியில்லை. ஒரு ஊர் எடுக்கும் வீடியோ இப்போது தொலைவில் உள்ள மையத்துக்குப் போய், அங்கிருந்து விண்ணுக்கு ஏறி, எல்லா ஊருக்கும் சேர்த்து இறங்குகிறது. எல்லாரும் பார்க்கக்கூடியதை மட்டுமே அதில் அனுப்ப முடியும். நேற்று இறந்தவரின் முகம் அதில் இருந்தால், அதை இன்றே நிறுத்த, ஊரில் ஒருவர் எழுந்து போய்க் கேசட்டை எடுத்துவிட்டால் போதாது. வானொலியில் மட்டும் அந்தக் குறுக்கீடு இன்னும் ஊர்க்காரர் கையில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை மாற்ற, தொழில்நுட்பம் பெரிய தடையில்லை. ஊருக்கு ஒரு சிறு டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரும் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளமும் போதும். இதில் இரண்டாவதுதான் 1987இல் பட்ஜெட்டில் இடம்பெறாமல் போனது.